அப்பாவின் முதுகில் நான் மிதித்த இடம்

நம் வயதுக்காரர்களுக்குத் தோள்வலியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் நடக்கப் போனால் நாம் பேசிக்கொள்வதே அதைத்தான். எனக்கு வந்தது வலது தோளின் முன்பக்கம். அங்கே தொடங்கி, கையின் வெளிப்பக்கமாக இறங்கி, கட்டைவிரல் வரைக்கும் இழுக்கும். நாற்பது வருடமாக ரவிக்கை தைக்கிறவளுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம் என்று மருமகன் சொன்னார். நான் அவ்வளவு லேசில் நம்புகிறவள் இல்லை. மாரடைப்புக்கு இடது கைதான் வலிக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். சிலருக்கு வலது கையும் வலிக்குமாம் என்று எங்கேயோ கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது. இதயத்துக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று என்று மூன்று படமும் எடுத்துப் பார்த்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டதும் பயம் இன்னும் கூடியது. எல்லாம் சரியாக இருந்தால் ஏன் வலிக்கிறது?

கடைசியில் மந்தாரக்குப்பத்தில் மருந்துக்கடை மாடியில் இருக்கும் பிசியோதெரபிப் பெண்ணிடம் போனேன். என் மகளைவிடச் சின்னவள். கையை மேலே, பக்கவாட்டில், முதுகுக்குப் பின்னால் என்று தூக்கச் சொன்னாள். பிறகு குப்புறப் படுக்கச் சொன்னாள். வலி முன்னால் இருக்க இவள் ஏன் பின்னால் போகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வலது தோள்பட்டை எலும்பின் மேல் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள்.

அழுத்தின இடத்தில் வலி பெரிதாக இல்லை. முன்தோளில் சுருக்கென்று ஏறி, கையில் இறங்கி, கட்டைவிரலில் போய் நின்றது.

"எங்க போவுது ஆன்ட்டி, சொல்லுங்க" என்றாள்.

"கட்டவெரலுக்கு ஓடுது கண்ணு" என்றேன்.

சொன்னது என் வாய்தான், ஆனால் வார்த்தை என்னுடையது இல்லை. என் அப்பா சொன்னது. எனக்குப் பதினோரு வயதில், அவர் முதுகின் மேல் நான் நின்றுகொண்டிருந்தபோது, பாயில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இதே வார்த்தையை இதே மாதிரி சொன்னார்.

அந்தப் பெண் தேய்க்கவில்லை, உருட்டவில்லை. வைத்த விரலை வைத்தபடியே இருந்தாள். தசையில் கொஞ்சம் நார் மட்டும் முடிச்சுப்போல் இறுகிக்கொண்டு விடாமல் நிற்கும், அது வலியை வேறு எங்கேயோ அனுப்பும், அதனால்தான் வலிக்கிற இடத்தைத் தேய்த்தால் போகாது, முடிச்சைக் கண்டுபிடித்து, தாங்கக்கூடிய அளவுக்கு அழுத்தி, அது தானாக இளகும்வரை பொறுக்க வேண்டும் என்று விரலை எடுக்காமலே சொன்னாள். அரை நிமிடம், முக்கால் நிமிடம் போயிருக்கும். கட்டைவிரலில் நின்ற வலி பின்வாங்கிப் போனது. எனக்குக் கண்ணீர் கொட்டிற்று. ரொம்ப அழுத்திவிட்டேனா என்று பயந்து கையை எடுத்துவிட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். வலியில் அழவில்லை. ஆத்திரத்தில் அழுதேன்.

சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்பில் என்னோடு ஒரே வட்டத்தில், ஒரே குவார்ட்டர்ஸ் வரிசையில் வளர்ந்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு என்னைப் பற்றி ஒரு கதை தெரியும். அப்பன் முதுகை மிதித்து மிதித்து அவர் கையை முடக்கிப் போட்ட பெண். தெருவில் பாண்டி விளையாடும்போது, "இவ காலு பட்டா வெளங்காதுடி" என்று உங்களில் ஒருத்தி சொன்னாள். யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தக் கதை பொய். அது எப்படிப் பொய் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஏழாம் வகுப்பைப் பாதியில் விட்டவள் எழுதுவது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு மைன்ஸில் பெல்ட்டில் வேலை. மண்ணையும் கரியையும் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடும் ரப்பர் பெல்ட். அதிலிருந்து சரிந்து விழுவதெல்லாம் அடியில் குவிந்துகொண்டே இருக்கும். குனிந்து, மண்வாரியால் அள்ளி, உடம்பைத் திருப்பி, தோளுக்கு மேலே எறிந்து பெல்ட்டுக்கே திருப்பித் தர வேண்டும். எட்டு மணி நேரமும் வலது பக்கமாகவே எறிவார். முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்தால் உடம்பில் ஈரக்கரியின் வாசனை, நனைந்த மரக்கட்டை அழுகின மாதிரி ஒரு வாசனை இருக்கும். கம்பெனி சோப்பு போட்டுக் குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் கறுப்பு போகாது. குளித்து, சாப்பிட்டு, முன்னறையில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

முதுகு மிதிப்பது நம் வீடுகளில் எல்லாப் பிள்ளைகளும் செய்ததுதான். எடை கூடின பிள்ளைக்கு வேலை போய்விடும், அடுத்த பிள்ளைக்கு வரும். எங்கள் வீட்டில் அண்ணனுக்கு அப்போது இருபது வயது, நான்தான் கடைசி. எலும்பும் தோலுமாக இருந்ததால் பதினோரு வயதிலும் பதவி என்னிடமே இருந்தது. பச்சை பெயின்ட் அடித்த சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து தோள்வரை சின்னச் சின்ன அடியாகப் போவேன். சன்னல் கட்டையில் பவர் ஹவுஸ் சாம்பல் மாவு சலித்த மாதிரி படிந்திருக்கும். கம்பியைப் பிடித்த கையெல்லாம் அது ஒட்டும், அப்பா முதுகெல்லாம் என் காலடி ஒட்டும்.

(இதைப் படித்துவிட்டு யாரும் பேரப்பிள்ளையை முதுகில் ஏற்றாதீர்கள். நம் எலும்பு இப்போது அதற்குத் தாங்காது என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொன்னாள். எனக்கு ராத்தூக்கம் போய்விடும்.)

அந்த வருடம் மாசி மாதம்போல அப்பாவுக்கு வலது தோளில் வலி வந்தது. முன்பக்கம். அங்கிருந்து கட்டைவிரல்வரை. சட்டை மாட்ட முடியவில்லை, தலை வார முடியவில்லை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், எலும்பில் ஒன்றும் இல்லை, மாத்திரையும், பளு தூக்காத லைட் டூட்டியும் எழுதிக் கொடுத்தார்கள். அம்மா வேப்பெண்ணெயைச் சுட வைத்துத் தேய்த்தாள். பச்சை நிறத்தில் ஒரு தைலம் வந்தது, மூன்று வீட்டுக்கு மணக்கும், அதையும் தேய்த்தாள். தேய்த்ததெல்லாம் முன்தோளில், கையில், கட்டைவிரலில். வலிக்கிற இடத்தை விட்டு வேறு எங்கே தேய்ப்பார்கள்?

கோடை விடுமுறையில் ஒருநாள் நான் முதுகில் நடந்துகொண்டிருக்கும்போது கால் வழுக்கிற்று. விழாமல் இருக்க வலது குதிகாலை ஊன்றினேன். தோள்பட்டை எலும்பின் மேல், நடுவில் ஓரிடம். அப்பா "ஆ" என்றார். நான் பயந்து இறங்கப் போனேன்.

"எறங்காத. அங்கியே நில்லு" என்றார். "கட்டவெரலுக்கு ஓடுது கண்ணு. அங்கியேதான். நில்லு."

நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது என்று தெரியாமல், பயத்தில், மனசுக்குள் பதிமூன்றாம் வாய்ப்பாடு சொன்னேன். எனக்குத் தடுமாறும் வாய்ப்பாடு அது, மெதுவாகத்தான் வரும். அது முடிவதற்குள் குதிகாலுக்குக் கீழே இருந்த கோலிக்குண்டு மாதிரியான ஒன்று மெத்தென்று ஆனதை நான் உணர்ந்தேன். அப்பா பெருமூச்சு விட்டார். எழுந்து உட்கார்ந்து கையைத் தூக்கினார். காதுவரை வந்தது.

பிறகு தினமும் அதே இடம். மூன்று முறை பதிமூன்றாம் வாய்ப்பாடு, நடுவில் கையைத் தூக்கிப் பார்ப்பது. எட்டோ பத்தோ நாளில் அப்பா சுவரில் மாட்டின சின்னக் கண்ணாடி முன்னால் நின்று வலது கையால் தலை வாரினார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த முதல் காரியம் அது என்று எனக்குத் தோன்றியது. யாரும் கற்றுத்தரவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்டுபிடிக்காததை என் குதிகால் கண்டுபிடித்தது. இதைப் பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரம்தான் பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், மேல்பட்டாம்பாக்கத்துப் பக்கம் ஊரில் பயிர் வைத்துக்கொண்டிருந்தவர். ஊர் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுப்பவர், எந்த ஆபீசில் எந்த வழி என்று அவருக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பினார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் அப்பா வலது கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, என்ன கை சரியாகிவிட்டதா என்று கேட்டார். கேட்ட குரலில் சந்தோஷம் இல்லை.

அப்போது அப்படி ஒரு நடைமுறை இருந்தது, உங்களுக்குத் தெரியும். வேலை பார்க்கிறவரால் இனி முடியாது என்று மெடிக்கல் போர்டு அன்ஃபிட் எழுதிவிட்டால் பிள்ளைக்கு வேலை கிடைக்கும். கெட்ட எண்ணத்தில் வந்த நடைமுறை இல்லை. பெல்ட்டில் விரல் போனவர், மூச்சு போனவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றுதான். அண்ணன் பரீட்சையில் இரண்டு முறை தோற்றுவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தான். கான்ட்ராக்டில் மண் சுமக்கப் போகச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வான். பர்மனென்ட் என்பதுதான் எங்கள் வீட்டில் சாமிக்கு அடுத்த வார்த்தை.

"தம்பி, அதுவா வந்து மடியில வுழுந்திருக்குது, தட்டி வுடறியே" என்றார் பெரியப்பா. "கை வலின்னு ரெக்கார்டு ஓடிகினு இருக்குது. போர்டுக்கு எழுதிக் குடு. நாலஞ்சு மாசம். பையன் உள்ள பூந்துடுவான்."

"இப்ப பரவால்லண்ணா. பாப்பா மிதிச்சா வுட்டுடுது" என்றார் அப்பா.

"மொதல்ல அத நிறுத்து."

அம்மா குழம்புச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள்தான் தடுப்பாள் என்று நினைத்தேன். இரண்டு மாதமாக எண்ணெய் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை வழுக்கிப் போனவள் அவள். அவள் என் பக்கம் திரும்பி, "போர்டு முடியட்டும். அப்புறம் நாள் பூரா மிதிச்சிகினு இரு, யாரு கேக்கப் போறா" என்றாள்.

எந்த ஊரிலும் வலி வந்தால் போக்கப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் வலியைப் பத்திரப்படுத்தினார்கள். அதை அப்போது ஒருவரும் தப்பு என்று நினைக்கவில்லை, அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லோரும் பொறுப்பாகத்தான் பேசினார்கள். பிள்ளை எதிர்காலம், குவார்ட்டர்ஸ் கைவிட்டுப் போகாமல் இருப்பது, ஊரில் மரியாதை. அந்தப் பேச்சில் அப்பாவின் தோள் மட்டும் இல்லை.

அம்மாவின் பழைய ஊதாப் புடவையைக் கிழித்துக் கழுத்திலிருந்து தூளி கட்டி அப்பாவின் கையை அதில் போட்டார்கள். வெளியே போனால் மட்டும்தான் என்று முதலில் பேச்சு. பிறகு வீட்டுக்குள்ளும். நம் குவார்ட்டர்ஸ் உங்களுக்குத் தெரியாதா, முன்கதவு திறந்தே கிடக்கும், ஒரு வீட்டில் தாளித்தால் மூன்றாம் வீட்டில் இருமுவார்கள். யாராவது பார்த்துவிட்டு மொட்டைக் கடுதாசி போட்டுவிடுவார்கள் என்று பெரியப்பா பயம் காட்டிவிட்டுப் போயிருந்தார். அப்பா இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். சோறு சிந்தும். தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். சட்டைக்குப் பட்டன் அம்மா போட்டாள். தூங்கும்போதுகூடக் கட்டை அவிழ்க்கவில்லை, தூக்கத்தில் கையைத் தூக்கிவிட்டால் பழக்கமாகிவிடும் என்று. கேட்கிறீர்களா, கையைத் தூக்குவது பழக்கமாகிவிடும் என்று பயந்தார்கள்.

பள்ளிக்கூடம் திறந்தது, நான் ஏழாம் வகுப்புக்குப் போனேன். மத்தியான இடைவேளைக்கு வீட்டுக்கு ஓடி வருவேன். மெடிக்கல் லீவில் இருந்த அப்பா பாயில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பார். நான் அம்மாவைப் பார்ப்பேன். அம்மா சோற்றைப் பார்ப்பாள். சாப்பிட்டுவிட்டுத் திரும்ப ஓடுவேன். எனக்கு எப்போதும் பயம். கட்டு அவிழ்ந்திருக்குமோ, யாராவது பார்த்திருப்பார்களோ, அண்ணன் வேலை என்னால் போய்விடுமோ. வகுப்பில் கூப்பிட்டால் காது கேட்காது. இன்றைக்கும் எதற்கெடுத்தாலும் நான் பதறுகிறேன் என்று மகள் கேலி செய்கிறாள். பதறக் கற்றுக்கொண்டது அந்த வருடம்.

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அம்மா ஸ்டோருக்குப் போயிருந்தாள், வரிசை நீளமாக இருக்கும். அண்ணன் சினேகிதர்களோடு வடலூர் போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அப்பா என்னைக் கூப்பிட்டார். முகம் வெளுத்து, மீசையெல்லாம் வேர்த்திருந்தது.

"ஒரே ஒரு வாட்டி ஏறு கண்ணு. ஒத்தருக்கும் சொல்ல மாட்டேன்."

நாற்பத்திமூன்று வயது ஆள், பெற்ற பெண்ணிடம், யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று கெஞ்சுகிறார். நான் முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஊதாத் துணியை அவிழ்த்தேன். கை உடம்போடு ஒட்டினது ஒட்டினபடி இருந்தது, பிடித்துத் தள்ளினாலும் கொஞ்சம்தான் விலகியது. குப்புறப் படுக்கவே அவரால் முடியவில்லை, தலையணையை மார்புக்குக் கீழே கொடுத்துச் சாய்ந்து படுக்க வைத்தேன். ஏறி நின்றேன். முன்பு ஒரு கோலிக்குண்டு இருந்த இடத்தில் இப்போது பட்டை முழுக்கப் பலகை மாதிரி இருந்தது. ஆனாலும் அந்த இடத்தை என் குதிகால் அறியும். அழுத்தாமல், எடையை மட்டும் கொடுத்து நின்றேன். மூன்றாவது முறை வாய்ப்பாடு முடிந்தபோது அப்பா அப்படியே தூங்கிப்போனார். வாய் திறந்து, எச்சில் வழிய, குழந்தை மாதிரி. எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ.

பின்கதவை நான் தாழ் போடவில்லை. அண்ணன் அந்த வழியாக வந்தான். பஸ் கிடைக்கவில்லையாம்.

"எனக்கு வேல கெடைக்கக் கூடாதுன்னு யாருடி சொல்லிக் குடுத்தது உனக்கு" என்று காலைப் பிடித்து இழுத்தான். சன்னல் கம்பியில் தாடை இடித்து உதடு கிழிந்தது. அப்பா விழித்துக்கொண்டார். நான்தான் கூப்பிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அம்மா வந்தாள், கேட்டாள், கட்டைத் திரும்பக் கட்டினாள். முன்பைவிட இறுக்கமாக.

ஐப்பசி மழையில் போர்டு கூடியது. அப்பா, அண்ணன், பெரியப்பா மூவரும் போனார்கள். திரும்பி வந்தபோது பெரியப்பாவுக்கு ஒரே உற்சாகம், நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே அம்மாவிடம் விவரித்தார். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னாராம், அப்பா நெஞ்சுவரைகூடக் கொண்டுவரவில்லையாம், அவர் பிடித்துத் தூக்கினதும் ஓர் அலறல் அலறினாராம், எழுதிவிட்டார்களாம்.

"இன்னா நடிப்புடா தம்பி" என்று சிரித்தார்.

அப்பா சிரிக்கவில்லை. "நடிக்கலண்ணா. மெய்யாவே ஏறல" என்றார்.

பெரியப்பா நம்பாமல் அவர் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினார். அப்பா போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள். கட்டை அவிழ்த்துவிட்டார்கள். கை கீழே தொங்கவும் இல்லை, மேலே ஏறவும் இல்லை. கட்டியிருந்த இடத்திலேயே, துணி இல்லாமலே நின்றது.

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. அது ஊதாத் துணியாக இருக்க முடியாது. துணியாக இருந்தால் அது அம்மா கட்டினது, பெரியப்பா சொன்னது, அண்ணனுக்காகச் செய்தது.

"அன்னைக்கு இவ மிதிச்சிகினு இருந்தா, நான் பாத்தேன்" என்றான் அண்ணன்.

அவ்வளவுதான். நரம்பு புரண்டுவிட்டது என்றார் பெரியப்பா. பிஞ்சுக் கால் என்று பார்த்தால் எமன் கால் என்றாள் அம்மா. காபி ஆறுவதற்குள் தீர்ப்பு முடிந்துவிட்டது. அடுத்த நாள் வரிசை முழுக்கத் தெரிந்தது, அதற்கடுத்த நாள் உங்களுக்குத் தெரிந்தது.

அண்ணனுக்கு வேலை ஆர்டர் வர மாதக் கணக்கில் ஆகும் என்பதால் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போனாள். அப்பாவைக் குளிப்பாட்ட, சட்டை போட, சோறு பிசைந்து கொடுக்க ஆள் வேண்டும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். என்னைக் கேட்கக்கூட இல்லை. "செஞ்சவ அனுபவிக்கட்டும்" என்று சொல்லிப் புத்தகப்பையை அம்மா பரண்மேல் போட்டாள். டீச்சர் ஒரு பெண்ணை அனுப்பி விசாரித்தார். இனி நான் வர மாட்டேன் என்று அம்மா வாசலிலேயே சொல்லி அனுப்பினாள்.

அண்ணன் பர்மனென்ட் ஆனான். அப்பா அறுபத்தியிரண்டு வயதில் போகும்வரை அந்தக் கை மார்புக்கு மேலே ஏறவில்லை. நான் அதற்கப்புறம் ஒருத்தர் முதுகையும் மிதிக்கவில்லை, ஒருத்தர் காலையும் பிடித்துவிடவில்லை. அப்பா போன பிறகுதான் எனக்குக் கல்யாணம், அப்போதும் பாயில் ஓரமாகப் படுப்பேன், தூக்கத்தில் என் கால் பட்டு வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. சிரிக்காதீர்கள். முப்பது வருடம் அப்படிப் படுத்திருக்கிறேன்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் இரண்டாம் முறை போனபோது கேட்டேன். எலும்பும் தோலுமான பதினோரு வயதுப் பெண் மிதித்தால் ஒருவர் கை முடங்குமா? அவள் ஜாக்கிரதையானவள். பார்க்காத ஆளைப் பற்றி நிச்சயமாகச் சொல்ல மாட்டேன் என்றாள். முழுக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் துண்டை மடித்து வைத்தாள்.

"ஆன்ட்டி, நீங்க நின்னது நான் அழுத்தற அதே எடம். வலிக்குதுன்னு அசைக்காம மாசக்கணக்குல கட்டி வெச்சா தோள் இறுகிடும். அதத் தெரிஞ்சிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேணாம். உங்கள விட்டிருந்தா அவருக்கு நல்லா ஆயிருக்கும்னுதான் எனக்குத் தோணுது."

அன்றைக்கே வடலூருக்கு பஸ் ஏறினேன். அண்ணன் ரிட்டையர் ஆகி அங்கே சொந்த வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் உட்காரவில்லை. பிசியோதெரபிப் பெண் சொன்னதை நின்றபடியே சொன்னேன். அவன் மறுப்பான், சண்டை போட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவன் மறுக்கவில்லை.

"தெரியும்" என்றான். டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "போர்டு முடிஞ்சி வெளிய வந்தப்ப அந்த டாக்டரே என்னத் தனியா கூப்ட்டு சொன்னாரு. கட்டி வெச்சதால இறுகிப்போச்சு, தெனம் கொஞ்சம் கொஞ்சமா அசைச்சா திரும்பும்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஆர்டர் வரல. நடுவுல கை சரியாயிட்டா? அப்புறம் ஆர்டர் வந்திச்சி. அதுக்கப்புறம் சொன்னா நானே பண்ண மாதிரி ஆயிடும். நீ சின்னப் பொண்ணு, உன்ன யாரு இன்னா பண்ணிடப் போறாங்கன்னு வுட்டுட்டேன்."

என்னை யார் என்ன செய்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை எடுத்தார்கள், விளையாட்டை எடுத்தார்கள், பாயில் நடுவே படுக்கிற தூக்கத்தை எடுத்தார்கள். இதையெல்லாம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணி கீரைத் தட்டோடு எழுந்து வந்து நிலைப்படியில் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் என்னிடம் பேசவில்லை, அண்ணனிடம் பேசினாள்.

"ரெண்டு புள்ளையும் பொறந்தப்ப எண்ணெ தேச்சிக் காலுல போட்டுக் குளிப்பாட்ட எங்கியோ தேடி ஓர் அம்மாவக் கூட்டியாந்தோம். இவ அதே வூட்டுல உக்காந்திருந்தா. புள்ள மேல இவ காலு படக்கூடாதுன்னு உங்கம்மா சொல்லச் சொல்ல நீயும் கூடத்துல உக்காந்து கேட்டுகினுதான இருந்த. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல."

அண்ணன் ரிமோட்டை எடுத்து டிவியை நிறுத்தினான். அண்ணி காபி போடவா என்றாள். வேண்டாம் என்றேன். கோபத்தில் சொன்னதுதான், அவள்மேல் இல்லை என்று அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். புரியாமல் போயிருந்தால் என்ன செய்வது என்று இப்போது ஒரு கவலை.

அப்பாவுக்குத் தெரியுமா என்று அண்ணனைக் கேட்டேன்.

"ஒரு வருஷம் கழிச்சி நானே சொன்னேன். கேட்டுகினு சும்மா இருந்தாரு."

பஸ் நிறுத்தம்வரை கூட வந்தான். கிழவனாகிவிட்டான், மூச்சு வாங்குகிறது, அவனுக்காக நான் மெதுவாக நடக்க வேண்டியிருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது. அப்பா போகும்வரை கூட இருந்து பார்த்தவள் நான், பதினோரு வயதிலிருந்து தினமும் அவர் சட்டைக்குப் பட்டன் போட்டவள். ஒவ்வொரு பட்டனுக்கும் என் முகத்துக்கு நேரே அவர் முகம் இருந்தது. மந்தாரக்குப்பம் பஸ் வந்தது. படியில் கால் வைத்தபோது அண்ணன் பின்னாலிருந்து, ஏதோ நல்லது சொல்லி அனுப்ப வேண்டும் என்பதுபோலச் சொன்னான்.

"அப்பா உன்ன ஒரு நாளும் திட்டனதில்லயே."

"திட்டல" என்றேன். "காரணம் அவ இல்லன்னும் சொல்லல."